பதினோரு வருஷக் காபி

செப்டம்பர் 13, 2009 – ஞாயிறு

ஆலயத்தில் இன்றும் பதினாறு பேர். பதினேழாவது ஆள் படம் எடுக்க வந்தவர்.

வாசலில், இது பழங்காலக் கட்டடம் என்று மாநில அரசு நட்டிருக்கிற பச்சைப் பலகையைப் படித்துவிட்டு, பாட்டு நடுவில் கேமராவோடு உள்ளே வந்துவிட்டார். சிகாகோக்காரர். ஆள் இல்லாத பழைய கட்டடம் என்று நினைத்திருக்கிறார். பாவம், முகம் வெளுத்து நின்றார். ஹில்யா பாட்டை நிறுத்தாமலே தன் பாட்டுப் புத்தகத்தை அவர் கையில் திணித்து, நகர்ந்து இடம் கொடுத்தாள். முப்பது வருஷம் தபால் ஆபீசில் இருந்தவள். எதை எந்தப் பெட்டியில் போடுவது என்று அவள் நின்று யோசித்து நான் பார்த்ததில்லை.

கடைசியில் அவர் சமையலறையில் என்னோடு நின்று கோப்பை துடைத்துக்கொண்டிருந்தார். "இங்க இன்னும் ஆராதனை நடக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க" என்று மூன்று தடவை சொன்னார்.

"சில வாரம் எங்களுக்கே தெரியாது" என்றார் கோர்டி.

கோர்டிதான் இப்போது ஆலய வார்டன். கொதிகலனைப் பார்ப்பது, பனி அள்ளுவது, குருவானவர் வராத ஞாயிறுகளில் ஜெபம் வாசிப்பது எல்லாம் அவர்தான். எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெபத்தையும் மீட்டர் படிக்கிற மாதிரிதான் வாசிப்பார்.

செப்டம்பர் 16 – புதன்

நான் ஓட்டுகிற பள்ளிப் பஸ்ஸில் ஹீட்டர் இன்னும் சரியாகவில்லை. கடைசி சீட்டுப் பிள்ளைகள் தொப்பியைக் கழற்றவே இல்லை. மலைச்சாலையில் லாஹ்திக் கிழவர் வீட்டுப் புகைபோக்கியில் புகை இல்லை. கோர்டிக்குப் போன் செய்தேன். போய்ப் பார்த்தாராம், கிழவருக்கு முட்டி வீங்கி விறகு எடுக்க முடியவில்லையாம்.

செப்டம்பர் 20 – ஞாயிறு

வெளியூர்க் குருவானவர் கான்ஸ்டன்ஸ் வருகிற ஞாயிறு இது. தொண்ணூறு மைல் ஓட்டிக்கொண்டு மாதம் ஒரு தடவை வருகிறார், திருவிருந்தின் அப்பமும் ரசமும் கொடுக்க. எங்களுக்கென்று ஒரு குருவானவர் இருந்து இரண்டு வருஷம் ஆகிறது. இனிமேல் வரப்போவதும் இல்லை. அதைத்தான் இன்று சொன்னார், பேராயரின் கடிதத்தை வைத்துக்கொண்டு.

ஆனால் கடிதத்தின் பாதி வேறு விஷயம். உங்களுக்குள்ளேயே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள் என்கிறார் பேராயர். அவரை இங்கேயே வைத்துப் படிக்கவைத்து, குருப்பட்டம் கொடுப்பார்களாம். வேலையை விட வேண்டாம், ஊரை விட வேண்டாம்.

"பதவிக்கு யாரு தகுதின்னு எழுதாதீங்க" என்றார் கான்ஸ்டன்ஸ், துண்டுக் காகிதத்தை விநியோகித்துக்கொண்டே. "உங்கள்ல யாரு ஏற்கெனவே அந்த வேலையச் செஞ்சுட்டு இருக்காங்க? அந்தப் பேர எழுதுங்க."

நான் கோர்டி பெயரை எழுதினேன். வேறு யாரை எழுத? கான்ஸ்டன்ஸ் காகிதங்களைப் படிக்காமலே கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதிகம் பேர் எழுதின ஆளிடம் முதலில் தனியாகப் பேசுவாராம்.

திருவிருந்து நேரத்தில் வழக்கம்போல நான் காபி போடப் போனேன்.

அக்டோபர் 1 – வியாழன்

ஆலயச் சமையலறையில், விற்பதற்கு, பேஸ்டி என்கிற மாவுப் பொட்டலம் சுடுகிற நாள். இருநூற்றுப் பத்து. இறைச்சியும் உருளைக்கிழங்கும் நறுக்கி நறுக்கிக் கட்டைவிரல் மரத்துவிட்டது. கேரட் சண்டை இந்த வருஷமும் தொடங்கிவிட்டது.

"கேரட் போட்டா அது பேஸ்டி இல்ல, சூப்பு" என்றார் கோர்டி.

"கேரட் போடாட்டி அது பேஸ்டி இல்ல, செங்கல்லு" என்றாள் ஹில்யா. "உன் தாத்தா அதச் சுரங்கத்துக்குள்ள தூக்கிட்டுப் போனாரே, கீழ விழுந்தாலும் உடையாதுன்னுதான்."

என்ன ஆயிற்று இவர்களுக்கு? நான் பேசினால் எல்லோரும் நிறுத்திக் கேட்கிறார்கள். அந்த ஆள் கோர்டி என்றால் அவரிடம் அல்லவா இந்த மரியாதை போகவேண்டும்?

அக்டோபர் 6 – செவ்வாய்

கான்ஸ்டன்ஸ் பஸ் ஷெட்டுக்கு வந்தார். நான் பஸ் அடியில் படுத்திருந்தேன். பூட்ஸை வைத்துத்தான் யார் என்று தெரிந்தது.

"பதினாறுல பதினொண்ணு உன் பேரு, அர்லிஸ்."

நான் சிரித்தேன். நிஜமாகவே சிரிப்பு வந்தது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே, "தப்பா எண்ணியிருப்பீங்க" என்றேன்.

"ரெண்டு தடவ எண்ணினேன்."

"நான் பஸ் ஓட்டுறவ."

"தெரியும். பஸ் ஷெட்டுக்குள்ளதான் நிக்கிறோம்."

முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். காரணம் இருக்கு என்றேன். அவர் காத்திருந்தார். அந்த மாதிரிக் காத்திருக்கிறவர்களிடம் எனக்குக் கோபம் வரும். மூன்று மணிக்குப் பள்ளி விடுகிறது, நான் கிளம்பணும் என்று சொல்லிவிட்டேன். அப்போது ஒன்றரைதான் ஆகியிருந்தது.

அக்டோபர் 7 – புதன்

காரணத்தை இங்கேயாவது எழுதலாம். யார் படிக்கப் போகிறார்கள்?

நான் பதினோரு வருஷமாகத் திருவிருந்து வாங்குவதில்லை. அப்பமும் ரசமும் எடுக்க எல்லோரும் முன்னே போகும்போது நான் பின்கதவு வழியாகச் சமையலறைக்குப் போய்விடுவேன். காபி போட. முன்பு வாராவாரம், இப்போது மாதம் ஒரு தடவை. யாரும் கவனித்ததில்லை. காபி போட ஆள் வேண்டும்தானே?

1998 பிப்ரவரி. காலை ஏழு மணி. எல்ம் தெரு முனையில் பஸ்ஸை நிறுத்தி, எல்லா வண்டியும் நிற்க வேண்டிய சிவப்பு விளக்கைப் போட்டிருந்தேன். இரண்டு சின்னப் பெண்கள் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். மரம் ஏற்றிய லாரி ஒன்று நிற்காமல் வழுக்கிக்கொண்டே என்னைத் தாண்டிப் போயிற்று. பெண்கள் பனிமேட்டுப் பக்கம் பாய்ந்துவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் லாரி என் அண்ணன் ராய்ஸுடையது. காலையிலேயே குடித்திருப்பான் என்று எனக்குத் தெரியும்.

பஸ்ஸிலிருந்த வயர்லெஸ் ரேடியோவில் தகவல் சொன்னேன். பாலத்துக்கு முன்னால் போலீஸ் பிடித்தார்கள். கோர்ட்டில் சாட்சியும் சொன்னேன். லைசென்ஸ் போயிற்று, லாரி போயிற்று, அடுத்த வருஷம் அவன் மனைவி ஜூடித்தும் அவனை விட்டுப் போனாள். "என் வாசப் பக்கம் வராத" என்றான். ஊரை விட்டு நாற்பது மைல் தள்ளி, லாங் ஏரிக்கரையில் ஒரு மரவீட்டில் இருக்கிறான்.

உன்மேல் குறை உள்ள சகோதரன் ஒருவன் இருந்தால் முதலில் அவனிடம் போ, பிறகு பீடத்துக்கு வா – சுவிசேஷத்தில் அப்படித்தானே வருகிறது? மற்றவர்கள் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு முன்னே போகிறார்கள். எனக்குக் கால் வரவில்லை.

போய் என்ன சொல்வது? மன்னித்துக்கொள் என்றா? நான் செய்தது சரி. இன்றைக்கும் அதைத்தான் செய்வேன்.

அக்டோபர் 11 – ஞாயிறு

ஆலயத்துக்குப் போகவில்லை. தலைவலி என்று ஹில்யாவிடம் சொன்னேன்.

அக்டோபர் 18 – ஞாயிறு

இன்றும் போகவில்லை. கான்ஸ்டன்ஸ் வந்திருப்பார். பத்தே முக்காலுக்குக் கை தானாகக் காபி டப்பாவைத் தேடியது. இந்த வீட்டில் ஒரு ஆளுக்கு எவ்வளவு காபி போடுவது?

அக்டோபர் 20 – செவ்வாய்

ஹில்யா வந்தாள். கதவைத் தட்டவில்லை, அவள் தட்டுவதில்லை. ஏலக்காய் ரொட்டியை மேஜையில் வைத்துவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"எத்தன நாளைக்குடி தலைவலி?"

"எனக்கு அந்த வேல வேண்டாம் ஹில்யா. கோர்டிக்குக் குடுங்க."

"கோர்டி வாசிச்சா கடவுளே கொட்டாவி விடுவாரு. பேச்ச மாத்தாத."

சொன்னேன். வேறு வழி இல்லை. நான் திருவிருந்து வாங்குவதில்லை, பதினோரு வருஷமாக, உங்களுக்கு அது தெரியாது, தெரிந்திருந்தால் என் பேரை எழுதியிருக்க மாட்டீர்கள் என்று ஒரே மூச்சில்.

அவள் ரொட்டியை வெட்டினாள். ஒரு துண்டு. இன்னொரு துண்டு.

"ஒரு பானக் காபிக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு எனக்குத் தெரியாதா? பாட்டு முடியுற வரைக்கும் நீ அங்க நின்னு சுவத்தப் பாத்துட்டு இருப்ப. எல்லாருக்கும் தெரியும்டீ."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும். மின்சாரப் பானை ஞாபகம் இருக்கா? தானே கொதிச்சுத் தானே நிக்குமே, எங்க அக்கா குடுத்தாளே?"

இருக்கிறது. 2000-ஆம் வருஷம். இரண்டே ஞாயிறு ஓடியது. பிறகு வயர் போய்விட்டது என்று கோர்டி நிலவறையில் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

"வயரும் போகல, ஒண்ணும் போகல. முதல் வாரம் கோர்டி அதப் போட்டுவிட்டாரு. உனக்குச் சமையலறையில வேல இல்ல. திருவிருந்து நேரத்துல நீ எந்திரிச்சு வெளிய, பனியில போய் நின்ன. கோட்டு இல்லாம. மறு வாரமும் அப்படியே. அன்னைக்குத்தான் கோர்டி சொன்னாரு, இந்தச் சனியன் கெட்டுப்போச்சு, இனி அர்லிஸே அடுப்புல போடட்டும்னு. எலெக்ட்ரீஷியன் சொன்னா யாரு மறுப்பா? ஒம்போது வருஷமா உன்னோட அடிப்பிடிச்ச காபியத்தான் குடிக்கிறோம்."

நான் அழவில்லை. அவள் போன பிறகுதான்.

அக்டோபர் 21 – புதன்

போன புதன் எழுதியதில் – இல்லை, அது அதற்கு முந்தின புதன் – ஒன்றை விட்டுவிட்டேன்.

அன்றைக்கு ரேடியோவை எடுத்தபோது எனக்குப் பயம் இல்லை. உள்ளே இனித்தது. மாட்டினான் என்று.

அம்மாவை நாலு வருஷம் நான் பார்த்துக்கொண்டேன். தூக்கினேன், குளிப்பாட்டினேன். அவன் கிறிஸ்துமஸுக்கு ஒரு பன்றித் தொடையோடு வருவான். அம்மா ஈஸ்டர் வரைக்கும் அந்தப் பன்றித் தொடையைப் பற்றியே பேசுவாள். ராய்ஸ் கொண்டுவந்தது, ராய்ஸ் கொண்டுவந்தது. சாகிற வாரத்திலும் என்னைப் பார்த்து ராய்ஸ் எங்கே என்றுதான் கேட்டாள்.

ஆகவே இனித்தது. அதோடு நிறுத்தினேனா? கடையில் சொன்னேன், ஷெட்டில் சொன்னேன், ஆலயச் சமையலறையில் பேஸ்டி மாவு பிசைந்துகொண்டே எத்தனை தடவை சொன்னேன்! வருத்தமா சொல்ற மாதிரி மூஞ்ச வச்சிக்கிட்டு. அவன் எப்படி வளைந்து வளைந்து ஓட்டினான், கோர்ட்டில் எப்படி அழுதான் – ஒன்றையும் விடவில்லை.

சரியான காரியத்தைச் செய்தேன். அதை ருசித்துச் சாப்பிட்டேன். இதைச் சொல்லலாம். இதற்கு மன்னிப்புக் கேட்கலாம். பதினோரு வருஷம் இது தெரியாமலா இருந்தேன்?

அக்டோபர் 31 – சனி

லாங் ஏரிக்குப் போனேன். நாற்பத்தொரு மைல். அவன் வண்டி நின்றது, புகைபோக்கியில் புகை. நாய் குரைத்தது. நான்கு தடவை தட்டினேன். கதவு திறக்கவில்லை. சன்னல் திரை மட்டும் ஒரு விரல்கடை அசைந்தது.

குங்குமப்பூ பன் ஒரு டஜன் செய்து கொண்டுபோயிருந்தேன். படியில் வைத்துவிட்டு வந்தேன். நாய் தின்றிருக்கும்.

நவம்பர் 14 – சனி

மறுபடி போனேன். நாளை மான் வேட்டை தொடங்குகிறது; ஊரே வேட்டைக்காரர் போடுகிற ஆரஞ்சுச் சட்டையில் அலைகிறது. அவன் வெளியே விறகு பிளந்துகொண்டிருந்தான், அதனால் ஒளிய இடமில்லை. முடி முழுக்க நரைத்துவிட்டது. அப்பாவின் தோள் அப்படியே. நான் வண்டியை விட்டு இறங்கினேன். அவன் கோடரியை நிறுத்தவில்லை.

"வழி தவறிட்டியா?"

"இல்ல."

"அப்பத் திரும்பிப் போற வழியும் தெரியும்."

நான் போகவில்லை. விறகுக் குவியலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டேன். அவன் இன்னும் ஐந்தாறு கட்டை பிளந்தான். பிறகு கோடரியைக் கட்டையில் குத்திவிட்டு, "நீ செஞ்சது சரிதான். அதச் சொல்லத்தான வந்த? எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணுங்கள நான் இன்னும் கனவுல பாக்கறேன். ஆறு வருஷமா ஒரு சொட்டுத் தொடல. சொல்லிட்டேன். கிளம்பு" என்றான்.

"அதச் சொல்ல வரல ராய்ஸ்."

"பின்ன?"

"அன்னைக்கு எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. நீ மாட்டினது. அப்புறம் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சேன். சொல்லச் சொல்ல இன்னும் சந்தோஷமா இருந்துச்சு. அதுக்குத்தான் வந்தேன். அதுக்கு மன்னிச்சிக்க."

நாய் வந்து என் காலை முகர்ந்தது. அவன் என்னை முதல் தடவையாக நேராகப் பார்த்தான்.

"தெரியும்" என்றான். "கோர்ட்டுல உன் மூஞ்சியப் பாத்தேன். மத்தவங்க யாரும் கவனிக்கல. நான் பாத்தேன். சின்னப் பிள்ளையில என்னைப் பத்தி அப்பாகிட்ட சொல்லிக் குடுப்பியே, அப்ப இருக்கற மூஞ்சி."

நான் காலடியில் கிடந்த கட்டையை எடுத்துக் குவியலில் வைத்தேன்.

"பதினோரு வருஷம்" என்றான். "லாரி போனது, ஜூடித் போனது எல்லாம் நான் பண்ணினது. அந்த மூஞ்சி மட்டுந்தான் நீ பண்ணினது." கோடரியை மறுபடி எடுத்தான். "இப்பப் போ அர்லிஸ். நெசமாத்தான் சொல்றேன். போ."

வந்துவிட்டேன். திரும்பும் வழியில் பாலத்தருகே வண்டியை நிறுத்தி ரொம்ப நேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓரத்தில் பனிக்கட்டி பிடிக்க ஆரம்பித்துவிட்டது.

நவம்பர் 15 – ஞாயிறு

வேட்டைக்குப் போனவர்கள் போக ஒன்பது பேர்தான். கான்ஸ்டன்ஸ் வந்திருந்தார்.

அவரவர் பக்கத்திலிருப்பவர்களுக்குக் கை கொடுத்துச் சமாதானம் சொன்னோம். பிறகு அப்பத்தை எடுத்து ஜெபித்தார். வழக்கமாக நான் எழுந்திருக்கும் இடம் வந்தது. எழுந்திருக்கவில்லை. முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், பஸ்ஸில் சீட்டைப் பிடித்துக்கொள்கிற சின்னப் பிள்ளை மாதிரி.

அவன் மன்னிக்கவில்லை. ஆனால் நான் போனேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மீதி என் கையில் இல்லை. இதை எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுந்தேன். எழுந்தபோது பலகைத் தரை எப்போதும் போலக் கிறீச்சிட்டது. யாரும் திரும்பவில்லை. வேண்டுமென்றே ஒருவரும் திரும்பவில்லை. ஹில்யா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அங்கே ஏதோ எழுதியிருப்பது போல.

அப்பம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. இவ்வளவுதானா என்று இருந்தது. பிறகு, அவ்வளவும் இதுதானா என்றும் இருந்தது.

எல்லாம் முடிந்து சமையலறைக்கு வந்தால் காபி இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கோர்டி நிலவறைக்குப் போய், தூசி தட்டி, அந்த மின்சாரப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். தண்ணீர் ஊற்றினார். பிளக்கைச் செருகினார். பட்டென்று ஆலயம் முழுக்க விளக்கு அணைந்தது.

இருட்டில் ஹில்யாவின் குரல்: "ஒம்போது வருஷம் பொய் சொன்னா கடைசியில அது பலிக்கும்."

கோர்டி ஃபியூஸ் மாற்றினார். நான் அடுப்பில் காபி போட்டேன். அடிப்பிடிக்கவில்லை என்று ஒரு குறை சொன்னார்கள்.

கோப்பை கழுவும்போது கோர்டி பக்கத்தில் வந்து நின்றார். அவர் மனைவி பெட்டி இறந்து மூன்று வருஷம் ஆகிறது. "பெட்டி படுத்த படுக்கையா இருந்தப்ப, தெனம் காலையில என் வீட்டு வாசப் பனிய யாரோ அள்ளிட்டுப் போனாங்க. உள்ள வரல, மணி அடிக்கல. பதினேழு நாள். பஸ் தடம் மட்டும் ரோட்டுல இருக்கும்" என்றார். "அதனாலதான் உன் பேரு எழுதினேன். வேற ஒண்ணும் இல்ல." துண்டை உதறிக் காயப்போட்டுவிட்டுப் போய்விட்டார்.

டிசம்பர் 20 – ஞாயிறு

கான்ஸ்டன்ஸிடம் எல்லாம் சொன்னேன். ராய்ஸ், ரேடியோ, இனித்தது, விறகுக் குவியல். "என் அண்ணன் மன்னிக்கல. இனிமேலும் மன்னிக்காம இருக்கலாம். அது அப்படியே இருக்கும்போதே நான் இந்தக் குரு வேலையச் செய்யணும்னா, சரி."

ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று நினைத்தேன்.

"நல்லது. நீ படிக்க வேண்டிய புத்தகம் எல்லாம் கார்ல இருக்கு, வந்து தூக்கு. எனக்கு இடுப்பு வலி."

பதினான்கு புத்தகம்.

பிப்ரவரி 10, 2010 – புதன்

படிப்பு. கோர்டியும் ஹில்யாவும் துணைக்கு உட்கார்ந்து படிக்கிறார்கள். துணை என்று பேர். ஹில்யா புத்தகத்தில் வருகிற ஒவ்வொரு பழங்காலச் சபைப் பிதாவோடும் சண்டை போடுகிறாள். கான்ஸ்டன்ஸ் வரும் வழியில் காரைப் பள்ளத்தில் இறக்கிவிட்டார், இந்தக் குளிர்காலத்தில் மூன்றாவது தடவை. நான்தான் போய் இழுத்து வந்தேன்.

மே 5 – புதன்

முதல் பிரசங்கத்தைக் காலி பஸ்ஸில், கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன். நாற்பத்தெட்டு சீட்டும் கவனமாகக் கேட்டன. நாலு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. இன்னும் எதைச் சேர்க்க? சேர்க்க வேண்டாம்.

மே 9 – ஞாயிறு

நாலு நிமிஷம் போதும் என்று கோர்டி எழுந்து நின்று சொன்னார். தீர்மானமாக நிறைவேற்றலாமா என்றும் கேட்டார்.

டிசம்பர் 25

ராய்ஸுக்கு அட்டை அனுப்பினேன். போன வருஷமும் அனுப்பினேன். திரும்பி வரவில்லை; அதாவது, அட்டை திரும்பி வரவில்லை. வாங்கிக்கொள்கிறான்.

ஜூன் 11, 2011 – சனி

குருப்பட்டம்.

பேராயர் தலையில் கை வைத்தார். பிறகு எல்லோரும் வந்து கை வைத்தார்கள், பதினைந்து பேரும். அந்தக் கனத்தை எதிர்பார்க்கவில்லை. கழுத்து இப்போதும் வலிக்கிறது. பஸ் பிள்ளைகள் ஆறு பேர் வந்திருந்தார்கள். அவர்கள் பெற்றோர் சிலர் முதல் தடவையாக உள்ளே வந்தார்கள். லாஹ்திக் கிழவர் ஊன்றுகோலோடு வந்தார்.

ராய்ஸுக்கு அழைப்பு அனுப்பியிருந்தேன். வரவில்லை. கடைசிப் பாட்டு வரைக்கும் கதவைப் பார்த்தேன், எழுதிவைக்கிறேன்.

ஜூன் 12 – ஞாயிறு

நானே அப்பத்தை எடுத்தேன். குரல் எழும்பவில்லை. மூன்றாவது வரிசையிலிருந்து ஹில்யா, "சத்தமா!" என்றாள். சத்தமாகச் சொன்னேன்.

நவம்பர் 3 – வியாழன்

போன மாதம் மூன்று அடக்கம். ஒரு ஞானஸ்நானம். பேஸ்டி நூற்றெண்பது, பாதி கேரட்டோடு. சமரசம்.

ஜனவரி 21, 2012 – சனி

காலை ஒன்பதரைக்குப் போன். யாரென்று கேட்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. மூச்சு விடுகிற விதம் அப்பாவுடையது.

"ராய்ஸ் பேசறேன். குருவானவர் வேணும்."

"என்ன ஆச்சு?"

"எனக்கில்ல. பக்கத்து வீட்டு ஐனோ. ஈரல் போயிருச்சு, ஆஸ்பத்திரியில வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிட்டாங்க. ஜெபம் பண்ண ஆள் வேணுங்கறான். அவங்க லூத்தரன் சபை. அவங்க பாஸ்டர் ஃப்ளோரிடாவுக்குப் போயிருக்காரு, மார்ச்சு வரைக்கும் வரமாட்டாரு. லூத்தரனுக்கு உங்க ஆளுங்க பண்ணலாமா?"

"பண்ணலாம்."

"ரோடு மோசம். உன் வண்டி வராது. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

போனை வைத்துவிட்டான். ஒரு மணி நேரத்தில், முன்னால் பனித்தள்ளி பொருத்திய வண்டியோடு வாசலில் நின்றான். நான் எண்ணெய்ச் சிமிழையும் அப்பத்தையும் பையில் வைத்துக்கொண்டு ஏறினேன். நாற்பத்தொரு மைல். வானிலையைப் பற்றி அவன் இரண்டு வாக்கியம் பேசினான். ஹீட்டர் நன்றாக வேலை செய்கிறது என்று நான் ஒன்று சொன்னேன். எல்ம் தெரு முனையைத் தாண்டும்போது இரண்டு பேரும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் வேகத்தைக் குறைத்தான். அங்கே குறைக்கத் தேவையில்லை, சாலை காலியாகத்தான் இருந்தது.

ஐனோ மஞ்சளாக, சின்னதாக, சன்னல் பக்கம் படுத்திருந்தார். அவர் மனைவி செல்மா என் கோட்டை வாங்கி மாட்டினார். நெற்றியில் எண்ணெய் பூசினேன். ஜெபம் சொன்னேன். எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டிய இடங்களில் செல்மா அழுகையில் நிறுத்திவிட்டார். கதவுப் பக்கமிருந்து ராய்ஸின் குரல் அதைச் சொல்லி முடித்தது. சின்ன வயதில் படித்தது, ஒரு வார்த்தை பிசகவில்லை. அப்பம் வாங்க அவன் வரவில்லை. நானும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

முடிந்ததும் செல்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ராய்ஸு, உங்க ரெண்டு பேருக்கும் ஒரே சாடையா இருக்கே?"

அவன் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"இருக்கும்" என்றான். "ஒரே அம்மா."

திரும்பும்போது பாதி வழி தாண்டிவிட்டோம். பிறகு, சாலையைப் பார்த்துக்கொண்டே, "அடுத்த வாரமும் வரணும்னு ஐனோ சொன்னான். வியாழக்கிழமை. மூணரைக்கு உனக்குப் பஸ் முடிஞ்சிருமா?" என்று கேட்டான்.

முடிந்துவிடும் என்றேன்.

"ஷெட்டுக்கு வந்துர்றேன். செல்மாவுக்குச் சமைக்க முடியல. நம்ம வீட்டுல ஏதாவது சாப்பிட்டுட்டு அங்க போலாம்."

நம்ம வீடு என்று அவன் சொன்னது எந்த வீட்டை என்று நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமைக்காக – எண்ணெய் தீர்ந்துவிட்டது, கான்ஸ்டன்ஸிடம் கேட்க வேண்டும். பஸ்ஸின் பின்சக்கரப் பனிச் சங்கிலியை அன்றைக்கு முன்பே மாற்ற வேண்டும், தாமதமாகக் கூடாது.